முனைவர் பட்டத்துக்கு யோக்கியதை எது?

தன் மிக உயர்ந்த பட்டத்தை ஒருவருக்கு வழங்குவதற்கு முன்னர் ஒரு பல்கலைக்கழகம் அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்ற வினா, பல்கலைக்கழகங்கள் தோன்றிய நாள்தொட்டு இருந்துவருவது. இத்தனை ஆண்டுகள் எம்மோடு தங்கிப் படித்தாரா என்று சிலர் கேட்டனர். யாம் வைத்த பரீட்சையில் தேறினாரா என்று வேறு சிலர் கேட்டனர். இதுவரை எவரும் சொல்லாத ஒன்றைக் கண்டு எழுதினாரா என்றும், எழுதியதை அச்சேற்றினாரா என்றும் பின்வந்தோர் கேட்டனர். ஒரு விடை வர மற்றொன்று மறைந்தது என்று வரலாறு அமைந்திருக்குமாயின் அதை எழுதுவது எளிதாயிருக்கும். உண்மையிலோ புதிய நிபந்தனை வந்த போதெல்லாம் பழையது விலகாமல் அதன் அருகிலேயே தங்கிவிட்டது; ஆகவே, இன்று முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளும் ஒரு மாணவர், வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தோன்றிய நிபந்தனைகளை ஒருங்கே நிறைவேற்ற வேண்டியவராகிறார்.

இந்நிலையில், 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட விதிகள், நிபந்தனைகளைப் பெருக்காமல் சிலவற்றைக் குறைத்தன என்பது கவனிக்கத்தக்க விசேஷம். எம்.பில். என்னும் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை உயர்கல்வி நிறுவனங்கள் இனி நடத்தலாகாது என்று அவை விதித்தன. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கின. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுநிலைப் பட்டம் இன்றியே முனைவர் பட்டத்துக்குச் சேரலாம் என்றும் வழி திறந்தன. இவற்றை வரவேற்றோரும் உளர். தரம் தாழும் என்று அஞ்சினோரும் உளர். இரு சாராரும் எந்தத் தரத்தை மனத்திற்கொண்டு பேசுகின்றனர் என்பது தெளிய வேண்டுமானால், ஒவ்வொரு நிபந்தனையும் எங்கே, எக்காரணத்தால் பிறந்தது என்பதைச் சற்றுப் பின்சென்று காணுதல் அவசியம். தோற்றுவாயைக் காட்ட ஐரோப்பிய, அமெரிக்க வழக்கங்களும், நம்மிடையே அவை கொண்ட உருவத்தைக் காட்டச் சென்னைப் பல்கலைக்கழகமும் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

தங்கிப் படித்த காலம்

பாரிஸ், போலோன்யா முதலிய இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் உயர்ந்த பட்டம் என்பது கற்பிக்கும் உரிமையே ஆகும். ஆசிரியர்கள் சங்கமாகக் கூடியிருந்தனர். அச்சங்கத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் சடங்கே பட்டமளிப்பு. குறித்த ஆண்டுகள் குறித்த நூல்களைப் பாடம் கேட்டுச் சபையில் வாதம் புரிந்து தம் திறத்தை நிலைநாட்டியவர் அவ்வுரிமை பெற்றார். அவர் புதியதொன்றைக் கண்டறிய வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை; முன்னோர் வைத்த கல்வியைச் சிதையாமல் பெற்றுச் சிதையாமல் வழங்கவல்லவரா என்பதே அங்கு வினா.

இதன் எச்சம் இன்றும் அழியவில்லை. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பி.ஏ. பட்டம் பெற்றவர், குறித்த காலம் கழிந்தபின், வேறு பரீட்சையோ ஆய்வேடோ இன்றி எம்.ஏ. பட்டம் பெறும் வழக்கம் நீடிக்கிறது. ஆக்ஸ்போர்டில் அக்காலம், சேர்ந்த நாளிலிருந்து 21 பருவங்கள். ஸ்காட்லாந்தின் நான்கு பழைய பல்கலைக்கழகங்களிலோ கலைத்துறையின் முதற்பட்டமே எம்.ஏ. ஆகும். இரண்டாண்டு பயின்று தாள்தாளாகப் பரீட்சை எழுதி எம்.ஏ. பெறும் நம் நாட்டு மாணவருக்கு இச்செய்திகள் வியப்பளிக்கக் கூடும்.

காலத்தை மட்டும் யோக்கியதையாகக் கொள்வதன் குறை வெளிப்படையானது: ஒருவர் பல்லாண்டு தங்கியும் ஒன்றும் கல்லாதிருக்கலாம். ஆயினும், நூலகத்தையும் ஆசிரியர் உரையாடலையும் சக மாணவர் தர்க்கத்தையும் குறுகிய காலத்தில் ஒருவர் உட்கொள்ளுதல் அரிது என்ற அதன் அடிப்படை அபிப்பிராயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்திய விதிகள் முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு என்று நிர்ணயிக்கின்றன. மறுபதிவின் மேல் இரண்டாண்டும், பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றுத்திறன் உடையோருக்கும் அதன்மேல் மற்றும் இரண்டாண்டும் நீட்டிப்புக் கிடைக்கும். மகப்பேற்றுக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. கீழெல்லை பழைய மரபைச் சேர்ந்தது. மேலெல்லையோ நிர்வாகத்தின் தேவையிலிருந்து வந்தது. கல்வெட்டுகளைத் தேடி ஊரூராகச் செல்லும் ஆய்வும், ஆய்வுக்கூடத்தில் நிகழும் ஆய்வும் ஒரே மேலெல்லைக்குள் அடங்குமா என்பது இன்னும் போதிய அளவில் விவாதிக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பரீட்சை நடத்திய பல்கலைக்கழகம்

1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது, அவற்றுக்கு முன்மாதிரியாக அமைந்தது அந்நாளைய லண்டன் பல்கலைக்கழகம். வகுப்பு நடத்துவது கல்லூரிகளின் காரியம். பாடத்திட்டம் வகுத்து, வினாத்தாள் அமைத்து, விடைத்தாள் திருத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் காரியம். ஆசிரியர் இல்லாத பல்கலைக்கழகம் என்று இன்று நாம் குறைகூறும் அவ்வமைப்புக்கு ஒரு நன்மையும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்று, பின்னர்ச் சென்னைக்கு வந்து பத்திரிகைப் பணியிலும் ஆசிரியப் பணியிலும் இருந்த சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளுள் ஒருவரானார். பிறந்த ஊர், பயின்ற பள்ளி, செய்யும் உத்தியோகம் ஆகியவற்றைக் கேளாமல், எழுதிய விடையை மட்டும் கேட்டது அம்முறை. செல்வாக்கு இல்லாதவருக்குப் பரீட்சை அளித்த பாதுகாப்பை, அதன் குறைகளைப் பேசும்போது நாம் மறந்துவிடலாகாது.

குறைகளும் சிறியனவல்ல. பரீட்சை, முன்னரே அறியப்பட்டதை ஒருவர் எவ்வளவு அறிந்துள்ளார் என்பதை அளக்கும். அறியப்படாததை நாடும் ஆற்றலை அளக்க அதனால் ஆகாது. சி. வி. ராமன் மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, 1906-இல், அவரது ஆய்வுக் கட்டுரை லண்டனிலிருந்து வெளியான ஃபிலசாஃபிகல் மாகஸீனில் வந்தது. 1907-இல் அவர் எம்.ஏ. பட்டம் பெற்றார். பட்டத்தைத் தந்தது பரீட்சை. பிற்காலத்து ராமனை முன்னறிவித்ததோ, எந்தப் பரீட்சையும் கேட்டிராத அந்தக் கட்டுரை.

1904-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம், கற்பித்தலும் ஆராய்தலும் பல்கலைக்கழகத்தின் கடமைகளாகலாம் என்று இடமளித்தது. கல்கத்தாவில் அசுதோஷ் முகர்ஜி 1917-இல் முதுநிலைக் கல்வியைப் பல்கலைக்கழகத்தின் நேர்ப்பொறுப்பில் கொணர்ந்தார். சென்னையில் 1914-இல் எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் இந்திய வரலாறு, தொல்லியல் துறையின் பேராசிரியராக அமர்ந்தார். பரீட்சை மட்டும் போதாது என்ற கொள்கை இவ்வாறு நிலைபெற்ற பின்னும், நுழைவாயிலில் அதுவே காவல் நிற்கிறது. முதுநிலையில் 55 விழுக்காடு, ஒடுக்கப்பட்ட பிரிவினர் முதலியோருக்கு அதில் 5 விழுக்காடு தளர்வு, நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு அல்லது பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுத் தேர்வு, அதன்மேல் நேர்காணல் என இன்றைய சேர்க்கை விதிகள் செல்கின்றன.

ஆய்வேடு என்னும் புதுக்கொள்கை

ஆராய்ந்து எழுதிய நூலொன்றே உயர்பட்டத்தின் யோக்கியதை என்ற கொள்கை ஜெர்மனியில் வலுப்பெற்றது. 1810-இல் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட்டின் முயற்சியால் பெர்லினில் தொடங்கிய பல்கலைக்கழகம், கற்பித்தலும் ஆராய்தலும் ஒரே செயலின் இரு முகங்கள் என்ற எண்ணத்தை முன்வைத்தது. ஆசிரியரும் மாணவரும் மூலநூலையோ ஆவணத்தையோ நடுவில் வைத்துக்கொண்டு ஆராயும் கருத்தரங்க முறை அங்கே வளர்ந்தது. அமெரிக்க இளைஞர் பலர் கடல்கடந்து சென்று அப்பட்டத்தைப் பெற்றுத் திரும்பினர். 1861-இல் யேல் அமெரிக்காவின் முதல் மூன்று பிஎச்.டி. பட்டங்களை வழங்கியது, 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சிக் கல்வியையே தன் மைய நோக்கமாகக் கொண்டது. இங்கிலாந்து நெடுநாள் தயங்கியது. ஆக்ஸ்போர்டு தன் டி.பில். பட்டத்தை 1917-இல்தான் ஏற்படுத்தியது. ஜெர்மனிக்குச் சென்றுகொண்டிருந்த அமெரிக்க மாணவரைத் தன்பால் ஈர்க்கும் விருப்பமும் அதற்கு ஒரு காரணம்.

ஆய்வேட்டு முறையின் பலவீனமும் ஜெர்மனியிலேயே முதலில் வெளிப்பட்டது. 1841-இல் கார்ல் மார்க்ஸ், டெமாக்ரிடஸ், எபிக்யூரஸ் ஆகிய கிரேக்க ஞானியரின் இயற்கைத் தத்துவத்தைப் பற்றிய தம் ஆய்வேட்டை ஏப்ரல் 6-ஆம் நாள் யேனா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 15-ஆம் நாள் பட்டம் வழங்கப்பட்டது. அவர் நேரில் செல்லவே இல்லை. அவ்வாய்வேடு இன்றும் அறிஞரால் படிக்கப்படுவது என்பது உண்மை. ஆனால், நேரில் வாராமலே கட்டணம் செலுத்திப் பட்டம் பெறும் அவ்வழி தகுதியற்றோருக்கும் திறந்திருந்தது. 1876-இல் வரலாற்றறிஞர் தியோடர் மோம்சன் அதை வன்மையாகக் கண்டித்தார். எழுதியவர் இவர்தாமா, எழுதியதை உணர்ந்தாரா என்பதை நேரில் கேட்டறிய வேண்டும் என்ற வாதம் இவ்வாறு வலுத்தது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் நிகழும் பொது வாய்மொழித் தேர்வும், ஆய்வாளர் சபைநடுவே நின்று எழுதியது தம் கருத்தே என்று காட்ட வேண்டும் என்ற அந்தத் தேவையையே நிறைவேற்றுகிறது.

விதியும் விலக்கும்

மேற்கண்ட மூன்று கொள்கைகளும் ஒருவரிடம் ஒருங்கே மோதிய நிகழ்ச்சி சென்னையிலேயே உண்டு. இளநிலைப் பட்டத்துக்கு முந்திய எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவரும், சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவருமான சீனிவாச ராமானுஜனுக்கு 1913-இல் பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கலாமா என்ற கேள்வி எழுந்தது. விதிப்படி அது முதுநிலைப் பட்டம் பெற்றவர்க்கு உரியது. ராமானுஜனுக்கோ இளநிலைப் பட்டமும் இல்லை. வானிலைத் துறைத் தலைவரும் கணித வல்லுநருமான கில்பர்ட் வாக்கர் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார். கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டி எழுதிய கடிதமும் துணைநின்றது. கணிதப் பாடக்குழு பரிந்துரைத்தது, பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் இசைந்தது. மாதம் 75 ரூபாய், இரண்டாண்டுகளுக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். பல்கலைக்கழகம் விதியை முற்றும் கைவிட்டுவிடவில்லை. பட்டம், மதிப்பெண் ஆகிய முன்னறிகுறிகளை விட்டு, செய்யும் வேலையையே நேராகப் பார்ப்பது என்று விதியின் நோக்கத்துக்குச் சென்றது. காலாண்டு அறிக்கை என்ற எளிய நிபந்தனை, பரீட்சையைக் காட்டிலும் கடுமையானதும் பொருத்தமானதுமாக அமைந்தது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் 1916 மார்ச்சில் அவர் பெற்ற பி.ஏ. பட்டமும், பரீட்சை எழுதாமல், உயர் பகு எண்களைப் பற்றிய ஆய்வுக்காக வழங்கப்பட்டதே. ஆயின், இவ்விலக்கு நிகழ்வதற்கு ஓர் அவசியம் இருந்தது: குறிப்பேட்டைப் படித்து அதன் மதிப்பை உணரவல்ல சிலர் அங்கே இருந்தனர், அவர்கள் படிக்கவும் செய்தனர். அத்தகையோர் இல்லாத துறையில் இதே விலக்கு சலுகையாகவும் பட்சபாதமாகவும் சீர்குலைந்துவிடும் என்று விதியை ஆதரிப்போர் சொல்வதில் நியாயம் உண்டு.

தமிழ்த்துறையிலும் ஒப்பான நிலை இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் குருகுல முறையில் பயின்ற உ. வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகப் பரீட்சையும் எழுதியவரல்லர். சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது 1932-இல். சுவடி ஒப்புநோக்கல், பாடபேத நிர்ணயம், உரைவிளக்கம் என ஆராய்ச்சி முறைகள் பலவற்றை அவர் செய்து முடித்த பின்னரே, அத்தகைய வேலைக்குப் பட்டம் வழங்கும் ஏற்பாடுகள் தமிழுக்கு அமைந்து வலுப்பெற்றன.

பாடமும் தகுதித் தேர்வும்

ஜெர்மானிய ஆய்வேட்டை ஏற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்னே சில படிகளை அமைத்தன: முறையான வகுப்புகள், ஃபிரெஞ்சும் ஜெர்மனும் படித்தறியும் பயிற்சி, துறை முழுவதையும் தழுவிய தகுதித் தேர்வு, இவற்றின் பின்னரே ஆய்வேடு. சிறிய பொருளொன்றில் மூழ்கியவர் தம் துறையின் அகலத்தை அறியாதிருத்தல் கூடாது என்பது இதன் நியாயம். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948–49-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் முனைவர் பட்ட மாணவர் குறுகிய நிபுணராகிவிடலாகாது என்ற கருத்தை வற்புறுத்தியது. 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரிக் குழு இரண்டாவது உலகமொழி ஒன்றின் பயிற்சியை வேண்டியது. தமிழாராய்ச்சிக்கு இம்மொழி நிபந்தனை எத்துணைப் பொருந்துவது! கன்னடமோ தெலுங்கோ மலையாளமோ வடமொழியோ பிராகிருதமோ அறியாமல் சங்க காலத்தையும் சோழர் காலத்தையும் ஆராய்பவர் பாதி ஆவணங்களைப் பிறர் கண்ணால் பார்க்கிறார். நடைமுறையில் மிக எளிதாக விடப்பட்ட நிபந்தனை இதுவே என்பது வருந்தத்தக்கது.

இன்றைய இந்திய விதிகள் குறைந்தது 12 கிரெடிட் பாடங்களைக் கட்டாயமாக்குகின்றன. ஆராய்ச்சி நெறிமுறையும் பிரசுர ஒழுக்கமும் அவற்றுள் அடங்கும். ஆய்வு மாணவர் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும். வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வகுப்புப் பணி தரலாம். நோக்கம் குற்றமற்றது. எனினும், எல்லாத் துறைக்கும் பொதுவாக நடத்தப்படும் ஆராய்ச்சி முறையியல் வகுப்பில், வினாப்பட்டியல் தயாரிப்பதையும் புள்ளியியல் சோதனையையும் கற்கும் இலக்கிய மாணவர், ஒரு பழைய பதிப்பின் முன்னுரையை எவ்வாறு படிப்பது என்பதைக் கல்லாமலே வெளிவரக்கூடும். பாடம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. எந்தப் பாடம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

இவ்வாறு படிகள் கூடியபோது எழுந்த எதிர்ப்புக் குரல்களுள் பிரசித்தமானது, ஹார்வர்டின் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் 1903-இல் எழுதிய கட்டுரை. ஹார்வர்டில் தத்துவம் பயின்ற திறமைமிக்க ஒருவர் வேறொரு கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆசிரியராக நியமிக்கப்பட்டார். அமர்த்திய பின்னர், அவருக்கு முனைவர் பட்டம் இல்லை என்று அக்கல்லூரி கலங்கியது. அவர் கற்பிக்கவிருந்த பாடத்துக்கும் தத்துவ ஆய்வேட்டுக்கும் சம்பந்தமில்லை; இருந்தும் பெயருக்குப் பின் அவ்வெழுத்துகள் வேண்டியிருந்தன. பட்டம், அறிவின் அடையாளம் என்ற நிலையிலிருந்து உத்தியோகத்தின் அனுமதிச்சீட்டு என்ற நிலைக்கு நழுவுவதை ஜேம்ஸ் அஞ்சினார். நம் நாட்டில் இவ்வச்சம் இன்னும் தீரவில்லை. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராவதற்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018-இல் விதி வந்தது. அதன் அமலாக்கம் தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூலையில் நெட், மாநில அளவிலான செட் முதலிய தேர்வுகளே குறைந்தபட்சத் தகுதி என்று மாற்றப்பட்டது. ஐந்தாண்டுக்குள் முன்னும் பின்னுமாக நிகழ்ந்த இம்மாற்றங்கள், இப்பட்டம் எதற்காக என்ற மூலவினா தீராதிருப்பதன் அறிகுறியாகலாம்.

எம்.பில். பட்டத்தின் கதை

முதுநிலைக்கும் முனைவருக்கும் இடையே ஒரு சிறு ஆய்வேடும் சில தாள்களும் கொண்ட எம்.பில்., தமிழ்நாட்டில் வேரூன்றிய பட்டம். சிற்றூர்க் கல்லூரிகளில் பயின்றவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நெடிய பல்லாண்டு ஆய்வில் இறங்குமுன் தம் ஆர்வத்தையும் ஆற்றலையும் சோதித்துக்கொள்ள அது வாய்ப்பளித்தது என்பது அதை ஆதரிப்போர் வாதம். எதிர்ப்போர் சுட்டுவது வேறு: 2006-இல், எம்.பில். பெற்றவர் இளநிலை வகுப்புகளுக்குக் கற்பிக்க நெட் தேர்வு வேண்டியதில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டது. 2009-இல் அது மாற்றப்பட்டது. இடைக்காலத்தில் இப்பட்டத்தின் பொருளே வேலைத் தகுதியாகச் சுருங்கிற்று. இரு வாதங்களும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. ஒரு பட்டத்தை வேலைச்சலுகையோடு பிணைத்துக் கெடுத்துவிட்டு, கெட்டது என்று சொல்லி அதை நீக்குவது, பிணைத்தவர் தவறைப் பட்டத்தின்மேல் ஏற்றுவதாகும். முதல் சிறு ஆய்வேட்டை எழுதிப் பழகும் இடம் இனி எது என்பதற்கு, நான்காண்டு இளநிலையின் இறுதி ஆண்டு என்று புதிய திட்டம் விடை கூறுகிறது. அவ்வாண்டில் வழிகாட்டப் போதிய ஆசிரியர் கல்லூரிகளில் உளரா என்பதைப் பொறுத்தது அவ்விடை.

அச்சேறிய கட்டுரை

2009 முதல் 2022 வரை இந்திய விதிகள், ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் மதிப்பீட்டுக்குட்பட்ட ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளிவந்திருக்க வேண்டும் என்றன. 2016-இன் விதிகள் இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகளையும் சேர்த்துக்கொண்டன. பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள அறிஞர் ஒருவராவது அந்த ஆய்வைப் படித்திருப்பார் என்பது இதன் உள்ளெண்ணம். நடந்தது பெரும்பாலும் வேறு. கட்டாயம் இருக்கும் இடத்தில் அதை நிறைவேற்றித் தரும் வியாபாரமும் தோன்றும். பணம் பெற்றுக்கொண்டு ஓரிரு வாரத்தில் கட்டுரையை வெளியிட்டுத் தரும் இதழ்கள் தோன்றின. உதவித்தொகையிலிருந்தோ கடன்பட்டோ மாணவர் அக்கட்டணத்தைச் செலுத்தினர். கருத்தரங்குச் சான்றிதழ்களும் அவ்வழியே சென்றன.

ஜெர்மானிய மரபிலும் அச்சேற்றம் கட்டாயமே; ஆனால், அது தீர்ப்புக்குப் பின்னர் வருவது. தேர்வாளர் ஏற்ற ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகளை நூலகத்தில் சேர்த்தாலன்றிப் பட்டம் முழுமை பெறாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஆழமானது. தீர்ப்புக்கு முந்திய அச்சேற்றம், பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய மதிப்பீட்டை முகமறியாத இதழாசிரியரிடம் ஒப்படைத்துவிடுகிறது. தீர்ப்புக்குப் பிந்திய அச்சேற்றமோ, பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டையே உலகத்தின் பார்வைக்கு வைக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் எவரும் படிக்குமாறு தொகுத்துவைக்கும் சோத்கங்கா என்னும் களஞ்சியம் இந்தப் பிந்திய பயனைச் செலவின்றித் தருகிறது. இத்தனை விதிகளுக்கிடையே, வருங்காலத்துக்கு மிகுதியும் நன்மை பயக்கத்தக்கது இதுவே என்று கருத இடமுண்டு.

பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டும் குற்றத்துக்கு 2018-இன் விதிகள் அளவுகள் வகுத்தன: ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை, 40 வரை திருத்தி மறுபடி ஒப்படைக்க வேண்டும், 60 வரை ஓராண்டுத் தடை, அதற்கு மேற்பட்டால் பதிவு ரத்து. கணினி சொற்களை ஒப்பிடும். கருத்தை ஒப்பிடுவது அதற்கு எளிதன்று. அச்சில் மட்டும் கிடக்கும் பழந்தமிழ் நூல்களிலிருந்தும் பழைய ஆய்வேடுகளிலிருந்தும் எடுத்தாண்டதை அது எவ்வளவு கண்டுபிடிக்கும் என்பது ஐயத்துக்குரியது. அத்துறையில் நெடுநாள் படித்த ஒருவரோ ஒரு பக்கத்தைப் புரட்டியதும், இது இன்னாருடைய நடை என்று சொல்லிவிடுவார்.

படிப்பவர் யார்?

ஆகவே, எந்தக் கொள்கையைத் தொடர்ந்து சென்றாலும் முடிவில் தேர்வாளரிடமே வந்து நிற்கிறோம். நெறியாளர் தவிர, அந்நிறுவனத்தில் பணியாற்றாத இருவராவது ஆய்வேட்டைப் படித்து அறிக்கை தர வேண்டும். ஒருவர் மறுத்தால் மற்றொருவருக்கு அனுப்ப வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் நிறைவேற வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு பேராசிரியர் எட்டு மாணவருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நால்வருக்கும் மேல் நெறியாளராக இருத்தலாகாது. ஆனால், ஒரு தேர்வாளர் ஆண்டுக்கு எத்தனை ஆய்வேடுகளைப் படிக்கலாம், அவர் அறிக்கை எத்தகையதாக இருக்க வேண்டும் என்பவற்றில் விதிகள் அந்த அளவு நுணுக்கம் காட்டவில்லை. நானூறு பக்க ஆய்வேட்டைப் பற்றி அரைப்பக்கத்தில், பொருள் புதிது, நடை செவ்விது, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதும் அறிக்கையும், இயல் இயலாகச் சென்று சான்றுகளைச் சோதிக்கும் அறிக்கையும் அலுவலகக் கோப்பில் ஒரே எடை பெறுகின்றன.

தமிழில் ஆய்வேடு எழுதும் உரிமை இக்கேள்வியோடு இணைந்தது. மு. வரதராசன் 1935-இல் வித்துவான் தேர்வில் தேறி, 1939-இல் பி.ஓ.எல்., 1944-இல் எம்.ஓ.எல். ஆகிய கீழ்த்திசைக் கல்விப் பட்டங்களைக் கடந்து, சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காக 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்றபோது, அவ்வாய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. தமிழைப் பற்றிய ஆய்வைத் தமிழில் எழுதும் உரிமை பின்னர் நிலைபெற்றது, பெருமைக்குரிய வெற்றி. அதே சமயத்தில், வெளிநாட்டிலும் பிற மாநிலங்களிலும் உள்ள அறிஞர் பலரிடம் அவ்வாய்வேடுகள் செல்லாத நிலையும் நேர்ந்தது. தேர்வாளர் வட்டம் சுருங்கியது. அறிந்தவர் அறிந்தவரையே மதிப்பிடும் சங்கடம் எழுந்தது. இதற்குப் பரிகாரம் ஆங்கிலத்துக்குத் திரும்புவதாகாது. ஈழம், மலேசியா, சிங்கப்பூர், ஐரோப்பா ஆகிய இடங்களில் தமிழ் படிக்கவல்ல அறிஞர் உளர். அவர்களையும் முறையாகச் சேர்த்துத் தேர்வாளர் வட்டத்தை விரித்தல் சாத்தியமே.

தீராதிருப்பவை

நிலைகளைத் தொகுத்து நோக்குங்கால், காலம், பரீட்சை, பாடம், அச்சேற்றம் ஆகிய நான்கும் ஓர் அலுவலகம் எண்ணிப் பார்க்கக்கூடியவை; ஆய்வேட்டின் தகுதி, படித்தே அறியக்கூடியது. எண்ணக்கூடியவற்றில் விதிகள் அடர்ந்தும், படித்தறிய வேண்டியதில் நெகிழ்ந்தும் அமைந்திருப்பது, பட்டம் பெறுவோர் தொகை பெருகிய சூழ்நிலையில் இயல்பாகவே நேர்ந்தது என்று கருதலாம். 2022-இன் விதிகள் எண்ணக்கூடியவற்றுள் சிலவற்றை நீக்கியது பெரும்பாலும் சரியே என்று தோன்றினும், நீக்கிய இடத்தில் படிப்பை வலுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் போதிய அளவு வைக்கப்படவில்லை.

கற்பிக்கும் உரிமை, கண்டறியும் ஆற்றல் ஆகிய இரண்டையும் ஒரே பட்டம் சான்றுரைக்க இயலுமா என்பது இன்னும் தீரவில்லை. இரண்டையும் பிரிக்க எம்.பில். ஒரு வழியாக இருந்திருக்கக் கூடும், ஆனால் அவ்வழி இப்பொழுது அடைபட்டது. ராமானுஜனுக்கு நேர்ந்தது போன்ற விலக்குக்கு, சலுகை என்ற பெயர் வாராமல், விதியிலேயே இடம் வைக்க முடியுமா என்பதும் ஆராயத்தக்கது. முதுநிலைப் பட்டமின்றி நேராகச் சேரும் மாணவர், முதுநிலை பயின்று சேர்ந்தோருக்கு இணையாக எழுதுவரா என்பதை இப்பொழுது யூகித்துப் பயனில்லை; அவர்களுடைய ஆய்வேடுகள் தேர்வாளர் கைக்கு வந்து, களஞ்சியத்தில் ஏறி, மற்றவர் படித்து ஒப்பிடும் நிலை வந்த பிறகே அதற்குச் சான்றோடு விடை கூற இயலும்.